காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகும்?

ரெக்ஸ்டேலில் எங்கட வீடு 14ஆவது மாடியில். பல்கனியில் நின்றால் பியர்சன் விமான நிலையத்துக்கு இறங்கிற ப்ளேன்கள் தெரியும். வந்த புதிதில் அந்தச் சத்தம் நித்திரையைக் கெடுத்தது. இப்ப அதுதான் எங்கட வீட்டுக் காற்றுகாட்டி.

ப்ளேன் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் இறங்கும், ஏறும். ரொறன்ரோவில் கூடுதலாக வீசுவது மேற்கு, தென்மேற்குக் காற்று. அந்த நாட்களில் ப்ளேன்கள் எங்கட பக்கத்து வானத்தால் தாழ வந்து தென்மேற்கு நோக்கி இறங்கும். கிழக்குக் காற்று வந்தால் மறுவளம், எங்கட பக்கத்தை நோக்கி ஏறும். வடமேற்குக் காற்று பலமாக அடித்தால் ஓடுபாதையையே மாற்றிவிடுவார்கள். அன்றைக்கு எங்கட வானம் வெறிச்சென்று கிடக்கும்.

காலமை எழும்பிக் காற்றைப் பார்க்கிற இந்தப் பழக்கம் எனக்கு மகளால் வந்தது. அவளுக்கு 20 வயது. இரண்டு வருடமாகக் கைட்சர்ஃபிங் பித்து. காலில் பலகை, இடுப்பில் கொக்கி, 20 மீற்றருக்கு மேல் நீளமான கயிறுகளின் நுனியில் ஒரு பெரிய பட்டம். காற்று பட்டத்தை இழுக்க, பட்டம் ஆளை இழுக்க, ஆள் தண்ணிக்கு மேலே பறக்கும். முதல் தரம் பார்த்தபோது எனக்கு வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு ஏத்துகிற பெரிய பட்டங்கள்தான் ஞாபகம் வந்தது. ஒரே ஒரு வித்தியாசம்: அங்கே பட்டம் அறுந்தால் பட்டம் போகும். இங்கே ஆளும் சேர்ந்து போகும்.

இந்தக் கட்டுரை அந்த விளையாட்டைப் படிப்பிக்க அல்ல, அதற்குப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பிள்ளை இப்படியொரு ஆசையோடு வந்து நின்றால், அல்லது கோடையில் நீங்கள் சின்னப் பிள்ளைகளோடு காற்றடித்த றப்பர் படகைக் கொண்டு ஏரிக்குப் போனால், எந்தக் கரைக்கு எந்த நாளில் போகலாம் என்று எப்படி முடிவெடுப்பது? அதைத்தான் சொல்ல வருகிறேன். எங்கட வீட்டில் இதைச் சொல்லித் தந்தவர் 81 வயதான என்ர ஐயா.

கிப்ளிங் வீதி முடியும் இடம்

போன வருடம் மே மாதம், ஒரு சனிக்கிழமை. காலமை மகள் ஃபோனைப் பார்த்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அப்பா, இண்டைக்கு நல்ல காத்து! 35 அடிக்குது. வாங்கோ போவம்."

எந்தக் காற்று என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தூரம் போக நேரமில்லை என்பதால் கிட்டின கரைக்குப் போவோம் என்றேன். எங்கட வீட்டுக்கு முன்னால் போகிற கிப்ளிங் வீதியில் நேரே தெற்கே போனால், அது முடிகிற இடம் ஒன்ராறியோ ஏரி. அங்கே கேணல் சாமுவேல் ஸ்மித் பூங்கா இருக்கிறது. சும்மா இருக்கிற ஐயாவையும் காரில் ஏற்றினோம்.

இறங்கிப் பார்த்தால் ஏரி கண்ணாடி மாதிரி. கரையோரம் ஒரு அலை இல்லை. மகளுக்குச் சந்தோஷம். "பாருங்கோ அப்பா, எவ்வளவு ஃபிளாட்டா இருக்கு. பழகிறதுக்கு இதுதான் நல்லம்."

ஐயா காரடியிலேயே நின்றார். தண்ணியைப் பார்க்கவில்லை. முதலில் எங்களுக்குப் பின்னால் இருந்த மரங்களைப் பார்த்தார். அவை எல்லாம் ஏரிப் பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

"பிள்ளை, இது கரையிலயிருந்து வெளியில போற காத்து. இறங்காதை."

"அப்பப்பா, அலையே இல்லை. என்ன பயம்?"

"அலை இல்லாததாலதான் சொல்லுறன்."

அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு டிக்கியைத் திறந்தாள். பட்டத்தை வெளியில் எடுத்து, வெறும் பையை நிலத்தில் வைத்தாள். அந்த நேரம் ஒரு வீச்சு. பை எழும்பி, கரைக்கற்களுக்கு மேலால் போய்த் தண்ணியில் விழுந்தது. நான் கற்களில் இறங்கி எட்டிப் பார்த்தேன், கைக்கு எட்டவில்லை. கண்ணாடித் தண்ணியில் அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. கொஞ்சத் தூரத்தில் சிற்றலை தொடங்கியது, அதற்கு அப்பால் வெள்ளை நுரை. அஞ்சு நிமிடத்தில் அது ஒரு புள்ளி. பிறகு அதுவும் இல்லை.

ஐயா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தப் பையில நீ இருந்திருந்தா?"

திரும்பி வரும்போது காரில் ஒருவரும் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்து பல்கனியில் நின்றபோதுதான் கவனித்தேன்: காலமையிலிருந்து எங்கட பக்கம் ஒரு ப்ளேனும் இறங்கவில்லை. வடமேற்குக் காற்று.

கொண்டுபோற காற்று, கொண்டுவந்து அடிக்கிற காற்று

ஐயா பருத்தித்துறையில் வள்ளம் வைத்திருந்தவர். அந்தக் கரை வடக்குப் பார்த்த கரை, முழுக்கக் கல். எங்கட ஆட்கள் ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் ஒரு பேர் வைத்திருந்தார்கள். தெற்கிலிருந்து வருவது சோளகம், மேற்கிலிருந்து கச்சான், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல். மகள் 'கச்சான்' என்றால் ரீவி பார்க்கும்போது கொறிக்கிற கடலை என்றுதான் நினைத்திருந்தாள். அன்றிரவு ஐயா அவளைக் கூப்பிட்டு இருத்தி இதைச் சொன்னார்.

"சோளகத்தில எங்கட கரை குளம் மாதிரிக் கிடக்கும். புதுசா வாறவன் அதைப் பாத்துத்தான் ஏமாறுவான். துடுப்பு உடைஞ்சா, பாய் கிழிஞ்சா, காத்து வெளியில கொண்டுபோயிடும். வாடையில கடல் கொந்தளிக்கும், அது கண்ணுக்குத் தெரியும். ஆனா அது கொண்டுவந்து கல்லில அடிக்கும். சோளகம் கொண்டுபோகும், வாடை கொண்டுவந்து அடிக்கும். ரெண்டுக்கும் நடுவில ஒரு காத்து இருக்கு பார், சரிவா வாறது. அதிலதான் தொழில்."

பிறகு கைட்சர்ஃபிங் பாதுகாப்புப் பற்றி நான் வாசித்ததெல்லாம் இதையேதான் வேறு சொற்களில் சொல்லியது. காற்று கரையிலிருந்து வெளியே போனால், கரைக்குக் கிட்ட அலை எழும்ப இடம் இருக்காது. அலை வளர்வதற்குக் காற்று தண்ணிக்கு மேல் ஓடுகிற தூரம் வேண்டும். அதனால் நிற்கிற இடத்தில் கண்ணாடி, அரை மைல் வெளியே கொந்தளிப்பு. அன்றைக்கு மகள் இறங்கி ஏதும் பிழைத்திருந்தால் அடுத்த கரை நயாகராப் பக்கம், கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர்.

மறுபுறம், காற்று நேரே கரைக்கு அடித்தால் கரையில் என்ன இருக்கிறதோ அதில்தான் முடிவு. மணல் என்றால் சிராய்ப்பு. கல், மரம், கார் நிறுத்துமிடம் என்றால் கதை வேறு. பட்டத்தைத் தூக்கும் நேரமும் இறக்கும் நேரமும்தான் விபத்து கூட, ஏனென்றால் அப்போது ஆள் தரைக்குக் கிட்ட. காற்றுப் போகிற பக்கத்தில் குறைந்தது இரண்டு கயிற்று நீளம், அதாவது ஏறக்குறைய 50 மீற்றர், வெறும் இடம் வேண்டும் என்பது பொதுவான விதி.

வேகமும் ஏமாற்றும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. 25 கிலோமீற்றர் வேகத்தில் வீசிய காற்று 35 ஆனால் இழுவை கிட்டத்தட்ட இரட்டிப்பு. எனவே சராசரி வேகத்தை மட்டும் பார்க்கக் கூடாது, இடையிடையே அடிக்கிற வீச்சு எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும்.

மூக்கு, பிடரி, கன்னம்

இதையெல்லாம் மகளும் ஐயாவும் சேர்ந்து ஒரு எளிய கணக்காக்கி விட்டார்கள். கரையில் தண்ணியைப் பார்த்து நில்லுங்கோ. காற்று பிடரியில் பட்டால் இறங்கவே கூடாது. மூக்கில் நேரே பட்டால், பின்னால் அகலமான வெறும் மணல் இல்லாவிட்டால் வேண்டாம். கன்னத்தில், அதாவது காதுக்கும் மூக்குக்கும் நடுவில் பட்டால், அதுதான் ஐயா சொன்ன சரிவுக் காற்று. ஏதும் பிழைத்தாலும் அது கரையோரமாக இழுத்து, கொஞ்சம் தள்ளி, கரையிலேயே கொண்டுவந்து விடும்.

ஆனால் "கொஞ்சம் தள்ளி" என்ன இருக்கிறது? கல்லுக் கரையில் அதுதான் பெரிய கேள்வி. ஆகவே இரண்டாவது வேலை: காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கோ. இப்போது கண்ணுக்கு முன்னால் இருக்கிற இடம்தான், எல்லாம் கைவிட்டால் நீங்கள் போய்ச் சேரும் இடம். அந்த இடம் சரியில்லை என்றால், இறங்குகிற இடம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் அது சரியான கரை இல்லை.

எங்கட கரைகள்

இந்தக் கணக்கோடு ரொறன்ரோவைப் பாருங்கோ. இந்த நகரத்தின் கரை பெரும்பாலும் மனிதர் மண்ணும் கல்லும் போட்டு நிரப்பிக் கட்டியது. மணல் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது.

நாங்கள் முதலில் போன கிப்ளிங் முடிவு தென்கிழக்குப் பார்த்த கரை. வடமேற்குக் காற்று பிடரியில். கிழக்கு, தென்கிழக்குக் காற்று நேரே கல்லில். தென்மேற்குக் காற்று கரையோரமாகப் போகும், அது பரவாயில்லை என்றால், பட்டத்தோடு ஏறி இறங்க வழியில்லை, ஓரம் எல்லாம் பாறாங்கல். கிட்ட இருக்கிற கரை எந்தக் காற்றுக்கும் சரிவராத கரை. நடக்க, குருவி பார்க்க அருமையான இடம், அவ்வளவுதான்.

ரொறன்ரோவில் கைட்காரர்கள் கூடுகிற இடம் செரி பீச். தெற்கும் கொஞ்சம் மேற்கும் பார்த்த கரை. மேற்குத் தென்மேற்குக் காற்று வலது கன்னத்தில் படும். ஆனால் மணல் நீளம் குறைவு, பின்னால் மரங்கள். வடக்குக் காற்று வந்தால் அது மரங்களுக்கு மேலால் உடைந்து வீச்சு வீச்சாக வரும். காற்றைத் தடுக்கிற பொருளின் உயரத்தைப் போல 7 மடங்கு தூரத்துக்கும் அதற்கு மேலும் இந்தக் குழப்பம் இருக்கும். அதோடு எதிர்ப்பக்கத்தில் லெஸ்லி வீதி முனை. 1950களின் கடைசியிலிருந்து கட்டட இடிபாடுகளைக் கொட்டி, ஏரிக்குள் ஏறக்குறைய 5 கிலோமீற்றர் நீளத்துக்கு வளர்ந்த நிலம் அது. கொங்கிறீற்று, செங்கல், துருப்பிடித்த கம்பி எல்லாம் ஓரத்தில் கிடக்கும். வடக்குக் காற்று கொண்டுபோய் விடுகிற இடம் அது.

வுட்பைன் பீச் அகலமான மணல். கிழக்குக் காற்று இடது கன்னத்தில் வரும். ஒன்ராறியோ ஏரி 311 கிலோமீற்றர் நீளம், நாங்கள் இருப்பது அதன் மேற்குக் கோடியில். அதனால் கிழக்குக் காற்று ஏரியின் நீளம் முழுக்க ஓடி வந்து பெரிய அலையை எழுப்பும். சரி, காற்றுக்கு முதுகைக் காட்டிப் பாருங்கோ: மேற்கே ஆஷ்பிரிட்ஜஸ் பே பூங்காவின் கல் முனை. மணலில் இறங்கி, கல்லில் ஏறவேண்டி வரலாம். கோடையில் நீந்துகிற சனமும் கூட.

ஸ்காபரோவில் இருப்பவர்கள் ப்ளஃபர்ஸ் பார்க்கைச் சொல்வார்கள். அங்கே பின்னால் நிற்கிற மண் மலை 90 மீற்றர் வரை உயரம். வடக்கு, வடமேற்குக் காற்று அதற்கு மேலால் விழும்போது கீழே சுழலும். ஒரு நிமிடம் காற்றே இருக்காது, அடுத்த நிமிடம் தூக்கி அடிக்கும்.

அப்படியானால் வடமேற்குக் காற்று நாளில் எங்கே போவது? எங்கட ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த வசாகா பீச் ஜோர்ஜியன் குடாவில், வடமேற்குப் பார்த்த கரை. ரொறன்ரோவில் பிடரியில் அடிக்கிற அதே காற்று அங்கே மூக்கில் அடிக்கும். 14 கிலோமீற்றர் மணல், கல் இல்லை. பழகியவர்களுக்கு அது சமாளிக்கக்கூடிய காற்று. புதிதாகப் பழகுபவர்களுக்கு அலை கூட, பின்னால் சனமும் கூட. மேற்குக் காற்று வந்தால்தான் அங்கே கன்னத்தில் படும்.

ஆனால் அதே வசாகாவில் தெற்கு, தென்கிழக்குக் காற்று கரையிலிருந்து வெளியே போகும். வெக்கையான கோடை நாளில், கொத்துரொட்டிப் பார்சலோடு குடும்பமாய்ப் போய், பிள்ளைகளைக் காற்றடித்த மிதவையில் விட்டுவிட்டு நாங்கள் மரநிழலில் இருப்போமே, அந்த நாளில். தண்ணி அமைதியாக இருக்கும். மிதவைக்குப் பாரம் இல்லை. என்ர மகளின் பை போன மாதிரித்தான் அதுவும் போகும். அப்படிப் போனால் பின்னால் நீந்திப் போகாமல் உடனே 911ஐ அழையுங்கோ. மிதவையில் இருக்கிற பிள்ளை அதை விட்டுக் குதிக்கக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கோ.

கரையைக் காற்றுக்கு ஏற்ப மாற்றுவது புதுப் பழக்கம் இல்லை. இலங்கையில் கற்பிட்டியும் மன்னாரும் இன்றைக்குக் கைட்சர்ஃபிங்குக்குப் பேர்போன இடங்கள். தமிழ்நாட்டில் ராமேஸ்வரம். அங்கெல்லாம் வருடத்தில் பாதி தென்மேற்குப் பருவக்காற்று, பாதி வடகிழக்கு. ராமேஸ்வரம் தீவுக்கு ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக்கு நீரிணை என்பதால் காற்று மாற, ஆட்கள் கரையை மாற்றுகிறார்கள். மீன்பிடிகாரர் காலம் காலமாகச் செய்ததுதான்.

நல்ல காற்றும் சும்மா வராது

ஊரில் இல்லாத ஒரு ஆபத்து இங்கே இருக்கிறது: குளிர். மே மாதத்தில் வெயில் அடிக்கும், ஏரித் தண்ணியோ ஐஸ் கரைந்த தண்ணி மாதிரி. கோடையிலும் நம்ப ஏலாது. மேற்குக் காற்று இரண்டொரு நாள் விடாமல் அடித்தால், ரொறன்ரோக் கரையில் மேலே இருக்கிற சூடான தண்ணி வெளியே தள்ளப்பட, அடியில் இருக்கிற குளிர்ந்த தண்ணி மேலே வரும். நேற்று 20 பாகையில் இருந்த தண்ணி நாளைக்கு 10க்குக் கீழே போகலாம். கைட்டுக்கு நல்ல காற்றுத்தான் குளிரையும் கொண்டு வருகிறது.

மனிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார். கடும் குளிர்த் தண்ணியில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சு இரைக்கும், அதை அடக்க வேண்டும். அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணித்தியாலம் எடுக்கும். அதனால் வெளியே நிற்கும் வெயிலுக்கு அல்ல, தண்ணியின் குளிருக்கு உடுப்புப் போட வேண்டும். மிதவைச் சட்டையும் கட்டாயம்.

வெளிக்கிட முதல்

எங்கட வீட்டில் இப்போது ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதல் நாள் இரவு என்வயர்மென்ட் கனடாவின் ஏரி முன்னறிவிப்பைப் பார்ப்போம். வடமேற்கு என்று போட்டிருந்தால் அது வடமேற்கிலிருந்து வருகிற காற்று, வடமேற்குக்குப் போகிற காற்று இல்லை. பலபேர் இங்கேதான் பிழைவிடுகிறார்கள். ஏரி அறிவிப்பில் வேகம் நொட்டில் இருக்கும், 1 நொட் 1.85 கிலோமீற்றர். பலத்த காற்று எச்சரிக்கை 20 நொட்டில் தொடங்கும். பழகுகிற பிள்ளைக்கு அந்த எச்சரிக்கையே போதும், வீட்டில் இருக்கலாம்.

பிறகு திசையைப் பார்த்துக் கரையைத் தெரிவோம், தூரத்தைப் பார்த்து அல்ல. கரைக்குப் போனதும் 20 நிமிடம் சும்மா நிற்போம். காற்று திரும்புகிறதா, மேற்கே கருமுகில் ஏறுகிறதா என்று பார்க்க. இடி முகில் வந்தால் காற்று ஒரு நொடியில் திசை மாறும். அங்கே வேறு கைட்காரர் நின்றால் கேட்போம். ஒருவரும் இல்லாவிட்டால், நல்ல காற்று அடித்தும் ஏன் ஒருவரும் இல்லை என்று யோசிப்போம். அறிவிப்புப் பலகையை வாசிப்போம், நீந்துகிற பகுதியில் பட்டம் ஏத்த விடமாட்டார்கள். அவசரத்துக்குக் கொக்கியைக் கழற்றிப் பட்டத்தை விடுவிக்கிற பொறியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருதரம் இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது மகளின் பயிற்றுநர் சொன்ன விதி. கரையில் எப்போதும் ஒரு ஆள் ஃபோனோடு நிற்க வேண்டும் என்பது ஐயாவின் விதி. அந்த ஆள் பெரும்பாலும் நான்தான்.

போன செப்ரெம்பரில் ஒரு ஞாயிறு, மேற்குத் தென்மேற்குக் காற்று, செரி பீச். ஐயா மடக்குக் கதிரையில், மடியில் தேத்தண்ணிப் போத்தல். மகள் தண்ணியைப் பார்த்து நின்று வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கிழக்குக் கரையை நெடுநேரம் பார்த்தாள். அதற்குப் பிறகு ஐயாவைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டு நடுங்கிக்கொண்டு கரைக்கு வந்தவளுக்கு அவர் தன்ர தேத்தண்ணியைக் கொடுத்தார். என்ன நினைத்தாரோ, "கெட்டிக்காரி" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் எனக்குப் பெரிய நிம்மதி தந்தது வேறொரு நாள். ஒக்ரோபர் தொடக்கம், சனிக்கிழமை, நல்ல வெயில். ஃபோனில் காற்று 40 என்று காட்டியது. மகளின் சிநேகிதப் பிள்ளைகள் ஏரிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் குசினியில் நின்று பார்த்தேன். அவள் பல்கனிக் கதவைத் திறந்து வெளியே போனாள். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தாள். ஒரு ப்ளேனும் வரவில்லை. உள்ளே வந்து, பட்டத்தைப் பழையபடி அலுமாரிக்குள் வைத்தாள்.

"வடமேற்கு, அப்பா. நான் போய்ப் படுக்கப்போறன்."

முன்னறையில் இருந்த ஐயா பேப்பரை மடித்துவிட்டுச் சிரித்தார்.